ஒரு கேம் முப்பது ஆண்டுகள் வாழ்வதற்கு டெவலப்பரின் முடிவுகள் எவ்வளவு தூரம் காரணம்?

வீடியோ கேம்களும் மென்பொருள் தளங்களும் எப்படி வளரும் என்பதை டெவலப்பர்களின் முடிவுகள் எவ்வளவு தூரம் தீர்மானிக்கின்றன, சிறு குழுவாகக் கேம் செய்பவர்கள் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக நிரல் எழுதுவதே என் தொழில். ஓய்வு நேரத்தில் டூம் என்ற பழைய துப்பாக்கிச் சண்டை கேமுக்கு மேப், அதாவது விளையாடும் களம், செய்கிறேன். இரண்டிலும் நான் கண்டது ஒன்றுதான். ஒரு கேமை வளர்ப்பவர்கள் அதை விளையாடுகிறவர்கள். ஆனால் எந்தப் பக்கம் வளர்க்க இடம் இருக்கும், எந்தப் பக்கம் சுவர் இருக்கும் என்பது முதல் சில மாதங்களிலேயே முடிவாகிவிடுகிறது. அதுவும் பெரும்பாலும் டெவலப்பர் வேறு ஏதோ ஒரு சிக்கலைத் தீர்த்துக்கொண்டிருக்கும்போது முடிவாகிவிடுகிறது. எனக்கு நன்றாகத் தெரிந்த டூமை வைத்தே இதைச் சொல்கிறேன்.

டெக்சாஸ் மாநிலத்தின் மெஸ்கிட் நகரிலிருந்த இட் சாஃப்ட்வேர் என்ற சிறிய நிறுவனம் 1993 டிசம்பர் 10 அன்று டூமை வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அவர்கள் வெளியிட்ட வுல்ஃபன்ஸ்டைன் 3டி கேமின் கோப்புகளைப் பிரித்துப் பார்த்த ரசிகர்கள், தாங்களே படங்களையும் ஒலிகளையும் மாற்றத் தொடங்கியிருந்தார்கள். குழந்தைகள் தொலைக்காட்சியில் வரும் பார்னி என்ற ஊதா நிற டைனோசரைப் பெரிய எதிரியின் இடத்தில் ஒருவர் கொண்டுவந்து வைத்தார். இதில் ஒரு தொல்லை இருந்தது. மாற்றத்தைப் போட்டுப் பார்க்க வேண்டுமானால் அசல் கோப்பை அழித்து அதன் மேல் எழுத வேண்டும். பழைய கேம் வேண்டுமானால் மறுபடியும் நிறுவ வேண்டும். கேமை ஓட்டும் அடிப்படை நிரலான எஞ்சினை எழுதிய ஜான் கார்மாக்குக்கு ரசிகர்களின் இந்த முயற்சி பிடித்திருந்தது. ஆகவே டூமில் எஞ்சின் தனியாகவும் மேப், படம், ஒலி, இசை அனைத்தும் வாட் என்ற ஒரே கோப்பில் தனியாகவும் இருக்குமாறு அமைத்தார்.

அந்தக் கோப்பை, பைட் பைட்டாகப் பிரித்துக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் நான்கு பைட்டுகள் 'ஐவாட்' அல்லது 'பிவாட்' என்ற பெயருக்கான நான்கு ஆங்கில எழுத்துகள். முன்னது அசல் கேமின் கோப்பு, பின்னது யாரோ ஒருவர் செய்த ஒட்டுக் கோப்பு. அடுத்த நான்கு பைட்டுகள் உள்ளே எத்தனை பொருள்கள் உள்ளன என்பதையும், அதற்கடுத்த நான்கு அவற்றின் பட்டியல் எங்கே தொடங்குகிறது என்பதையும் சொல்கின்றன. பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் 16 பைட்டுகள்: இருக்கும் இடம், அளவு, எட்டு எழுத்துக்குள் ஒரு பெயர். இவ்வளவுதான். எந்தக் கையேடும் இல்லாமல் ஒரு மாணவர் ஒரே மாலையில் புரிந்துகொள்ளக்கூடிய அமைப்பு இது. 1994-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே ரசிகர்கள் தங்கள் சொந்த மேப் எடிட்டரை எழுதி வெளியிட்டதற்கு இந்த எளிமையே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு லூப்பின், அதாவது பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்லும் நிரல் பகுதியின், திசை. கேமுக்கு ஒரு சுவரின் படம் தேவைப்படும்போது, எஞ்சின் அதன் பெயரைப் பட்டியலின் தொடக்கத்திலிருந்து தேடுவதில்லை; கடைசியிலிருந்து மேல்நோக்கித் தேடுகிறது. பிறகு ஏற்றப்பட்ட கோப்புகளின் பெயர்கள் பட்டியலின் கடைசியில் சேர்வதால், ரசிகர் செய்த படம் முதலில் அகப்படுகிறது, அசல் படம் தொடப்படாமல் கிடக்கிறது. லூப்பைக் கீழிருந்து ஓடவிட்டதனால் மட்டும், உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் ஒருவருடைய வேலையை மற்றவர் கெடுக்காமல் அதே கேமின் மேல் வேலை செய்ய முடிந்தது.

எல்லாமே இவ்வளவு திறந்திருக்கவில்லை. எதிரிகளுக்கு எவ்வளவு உயிர், துப்பாக்கி எவ்வளவு வேகம் என்பவை வாட் கோப்பில் இல்லாமல் நிரலுக்குள்ளேயே இருந்ததால், அவற்றை மாற்ற விரும்பியவர்கள் நிரல் கோப்பையே நேரடியாகத் திருத்தும் தனிக் கருவியை எழுத வேண்டியிருந்தது. வணிகக் கணக்கும் இருந்தது. முதல் அத்தியாயத்தை ஷேர்வேராக இலவசமாகக் கொடுத்தார்கள். ஆனால் அந்த இலவசப் பதிப்பில் வேறொரு வாட் கோப்பை ஏற்ற முயன்றால், இதில் அது முடியாது, பதிவு செய்யுங்கள் என்ற பொருளில் ஒரு செய்தியைக் காட்டிவிட்டு நிரல் நின்றுவிடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மற்றவர்கள் செய்யும் மேப்கள் தங்கள் விற்பனையைத் தின்றுவிடாமல், அதைக் கூட்டும்படி ஒரு கோடு போட்டார்கள். இலவச மேப்கள் பெருகப் பெருக அசல் கேமை வாங்குவதற்கான காரணமும் பெருகியது. 1996-இல் அதிகாரப்பூர்வமாக வெளியான ஃபைனல் டூம் என்ற கேமில் இருந்த இரண்டு தொகுப்புகளுமே ரசிகர் உலகிலிருந்து வந்தவர்களின் ஆக்கங்கள்தான்.

அடுத்து, யாரும் திட்டமிடாத விளைவு ஒன்று. டூம் நொடிக்கு 35 முறை தன் உலகத்தைக் கணக்கிடுகிறது. நான்கு பேர் வலையமைப்பில் விளையாடும்போது எதிரிகள் எங்கே நிற்கிறார்கள் என்பதையெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்க அன்றைய வேகம் போதாது. ஆகவே ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் நகர்ந்தார், எவ்வளவு திரும்பினார், எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பதை மட்டும் அனுப்பி, மீதியை ஒவ்வொரு கணினியும் தானே கணக்கிட்டுக்கொள்ளும்படி எழுதினார்கள். எல்லாக் கணினியிலும் ஒரே விடை வர வேண்டுமானால் தற்செயல் எண்களும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அதற்காக 256 எண்கள் கொண்ட நிலையான ஓர் அட்டவணையை நிரலுக்குள் வைத்தார்கள். 0, 8, 109, 220, 222, 241 என்று அது தொடங்குகிறது. என்றைக்கும், எந்தக் கணினியிலும் அதே வரிசைதான்.

ஆக, ஒருவர் விளையாடியதைப் பதிவு செய்ய வீடியோ தேவையில்லை. அவர் அழுத்தியவற்றை எழுதிவைத்தால் போதும். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு கணக்கீட்டுக்கு 4 பைட், 35 கணக்கீடு உள்ள ஒரு நொடிக்கு 140, ஒரு நிமிட ஆட்டத்துக்கு 8,400 பைட். மோடம் வைத்துத் தொலைபேசிக் கம்பி வழியே கோப்புகளைப் பரிமாறிக்கொண்ட காலத்தில் இது பெரும் வரம். யார் விரைவாக ஒரு மேப்பை முடிக்கிறார் என்ற போட்டி 1994 முதலே அந்தச் சின்னஞ்சிறு கோப்புகளை வைத்து வளர்ந்தது. பார்ப்பவர் தன் கணினியிலேயே அந்த ஆட்டத்தை மீண்டும் நிகழ்த்திச் சரிபார்க்கலாம் என்பதால் வெறும் வாய்வார்த்தைக்கு அங்கே இடமில்லை. இன்று ஸ்பீட்ரன் என்று அழைக்கப்படும் பண்பாட்டின் முக்கியமான வேர்களில் ஒன்று, வலையமைப்பின் வேகம் போதாமல் எடுத்த ஒரு முடிவிலிருந்து முளைத்தது.

வேகத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். ஓடும்போது முன்னோக்கிய நகர்வின் அளவு 50, பக்கவாட்டு நகர்வின் அளவு 40. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கூட்டு வேகத்தை 50-க்குள் நிறுத்த வேண்டும் என்று நிரலில் எழுதவில்லை. எனவே குறுக்கே ஓடுபவரின் வேகம் ஏறக்குறைய 64, அதாவது நேராக ஓடுபவரைவிட 28 விழுக்காடு அதிகம். வகுப்பில் பிதாகரஸ் தேற்றம் படித்த எவருக்கும் தெரியும் தவறு. ஆனால் விளையாடியவர்கள் அதையே திறமையாக்கிக்கொண்டார்கள். நேராக ஓடினால் எட்டாத மேடைகளுக்கு அந்த வேகத்தில் தாவினார்கள். 1997 டிசம்பரில் டூமின் சோர்ஸ் கோடு, அதாவது மூல நிரல், வெளியானபோது அந்தத் தவறைத் திருத்தும் உரிமை எல்லோர் கைக்கும் வந்தது. ஆனாலும் அந்த வேகத்தை எடுத்துவிட வேண்டும் என்று டூம் ஆடுகிறவர்கள் விரும்பவில்லை.

திருத்தப்பட்ட பிழைகளும் உண்டு. அவை கற்றுத்தந்த பாடம் இன்னும் பெரியது. டூமின் தொடர்ச்சியான டூம் 2-இல் பெயின் எலிமெண்டல் என்ற எதிரி, லாஸ்ட் சோல் என்ற பறக்கும் மண்டையோடுகளை உமிழும். ஒரு மேப்பில் 20-க்கு மேல் அவை இருந்தால் மேலும் உமிழாது என்று நிரலில் ஓர் எல்லை இருந்தது. 1998-இல் ரசிகர் குழு ஒன்று உருவாக்கிய பூம் என்ற எஞ்சின், இதைப் போன்ற எல்லைகளைத் தளர்த்தியது. நியாயமான திருத்தம்தான். ஆனால் பழைய பதிவு ஒன்றை அதில் ஓடவிட்டு, ஒரே ஒரு மண்டையோடு கூடுதலாகப் பிறந்துவிட்டால், அது தற்செயல் அட்டவணையிலிருந்து தனக்கென்று எண்களை எடுத்துக்கொள்ளும், வரிசை நகர்ந்துவிடும், அதற்குப் பிறகு எல்லாமே வேறாகும். பதிவில் இருக்கும் வீரர் இல்லாத எதிரியைச் சுட்டுவிட்டு, மூடிய கதவில் முட்டிக்கொண்டு நிற்பார். நானே இதைப் பார்த்திருக்கிறேன். யாரோ ஒருவர் எத்தனையோ இரவுகள் முயன்று பெற்ற ஆட்டம் அப்படிக் குலைந்து போவதைப் பார்ப்பது வேதனையாக இருந்தது. இதனால்தான் பின்னால் வந்த எஞ்சின்கள் பொருந்துநிலை என்ற எண்ணைக் கொண்டுவந்தன: 2 என்று கொடுத்தால் பழைய டூம் 2-ஐப் போல, அதன் பிழைகளோடு சேர்த்து நடக்கும்; 9 என்று கொடுத்தால் பூமைப் போல நடக்கும். பிழையைத் திருத்தவும் வேண்டும், அதை நம்பி இருப்பவரைக் கைவிடவும் கூடாது என்பதற்கு அவர்கள் கண்ட வழி இது.

மென்பொருள் தளங்களிலும் இதே கதைதான். விண்டோஸ் 95 உருவானபோது, நகரம் கட்டும் சிம்சிட்டி கேம் தான் விடுவித்துவிட்ட நினைவகத்தையே மீண்டும் படிப்பது தெரியவந்தது. பிழை கேமினுடையது. ஆயினும் சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் நினைவகத்தை உடனே விடுவிக்காமல் வைத்திருக்கும் தனி ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்குள் சேர்த்தது. ஏனென்றால், புதிய விண்டோஸ் போட்ட அன்று கேம் நின்றுபோனால் பயனர் பழி சொல்லப்போவது விண்டோஸைத்தான். என் வேலையிலும் எனக்கு இப்படி ஒன்று நேர்ந்தது. நாங்கள் எழுதிய பில்லிங் மென்பொருள் தரும் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பில் ஒரு நெடுவரிசையின் தலைப்பு எழுத்துப்பிழையோடு இருந்தது. நான் அதைத் திருத்தினேன். மறுநாள் காலை ஒரு வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவில் அந்தக் கோப்பைத் தானாகப் படிக்கும் எக்செல் மேக்ரோ நின்றுபோயிருந்தது. அது அந்தப் பிழையான தலைப்பைத்தான் தேடிக்கொண்டிருந்தது. மாத இறுதி வேறு. மன்னிப்புக் கேட்டுப் பிழையை மீண்டும் பிழையாகவே போட்டேன். திருத்திய தலைப்போடு இரண்டாவது ஏற்றுமதி ஒன்றைத் தனியே சேர்த்தேன். பொருந்துநிலை எண்ணின் அருமை அன்றுதான் எனக்குப் புரிந்தது.

எதிர்த் திசையில் எடுக்கப்பட்ட முடிவுகளையும் பாருங்கள். 2002-இல் பிளிஸார்டு நிறுவனம் வெளியிட்ட வார்கிராஃப்ட் 3 கேம், ரசிகர்கள் சொந்தக் கேம் செய்யும்படி ஒரு நல்ல எடிட்டரோடு வந்தது. அதில்தான் ரசிகர்கள் செய்த டோட்டா என்ற கேம் பிறந்தது. 2020-இல் அதன் புதுப்பிப்பான ரீஃபோர்ஜ்டு வந்தபோது, அதில் செய்யப்படும் கேம்கள் அனைத்தும் பிளிஸார்டு நிறுவனத்துக்கே முழுச் சொந்தம் என்ற விதியும் வந்தது. தன் எடிட்டரில் பிறந்த ஒன்று வேறொரு நிறுவனத்தின் கையில் டோட்டா 2 ஆனதைப் பார்த்தவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் எடிட்டர் இருந்தும், அதில் உழைத்தால் உழைப்பு நம்முடையதாக இருக்காது என்று தெரிந்த பிறகு எந்த மேப் செய்பவர் தன் இரவுகளைக் கொடுப்பார்? யூபிசாஃப்ட் நிறுவனத்தின் தி க்ரூ, 2014 முதல் விற்கப்பட்ட கார் பந்தய கேம். தனியாக ஓட்டினாலும் சர்வர் வேண்டும் என்று அமைத்திருந்ததால், 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தியதும் பணம் கொடுத்து வாங்கியவர்களிடம் எதுவும் மிஞ்சவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு சர்வரை மூடிய நாக்கவுட் சிட்டி என்ற கேமின் டெவலப்பர்கள், விரும்புவோர் தாங்களே சர்வர் நடத்திக்கொள்ளும்படி ஒரு பதிப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆக, சர்வரை நம்பிய கேம் என்றாலே இப்படித்தான் அழிய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

சிறு குழு எதை எடுத்துக்கொள்ளலாம் என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு, டூமின் சோர்ஸ் கோடு வெளிவந்த விதத்தையே பதிலாகச் சொல்வேன். எஞ்சினும் தரவும் முதல் நாளிலிருந்தே தனித்தனியாக இருந்ததால், எஞ்சினை மட்டும் கொடுத்துவிட்டு, மேப்களையும் படங்களையும் தொடர்ந்து விற்க அவர்களால் முடிந்தது. 1999-இல் எஞ்சின், யாரும் மாற்றிப் பகிர அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்துக்கும் வந்தது. தொழில்நுட்பத்துக்காகப் போட்ட கோடு சட்டத்துக்கும் உதவியது. ஆனால் உலகம் விளையாடிய டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) பதிப்பின் சோர்ஸ் கோடு அன்று வெளிவரவில்லை. அதன் ஒலிப் பகுதி வேறொருவரிடம் உரிமம் பெற்ற நூலகம், அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு. அதை வெளியிடும் உரிமை அவர்களிடம் இல்லை. எனவே லினக்ஸ் பதிப்பை எடுத்துச் சுத்தம் செய்து வெளியிட்டார்கள். கேம் உருவானபோது ஒலிக்காகத் தேர்ந்தெடுத்த ஒரு நூலகம், நான்கு ஆண்டுகள் கழித்து எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக்கூடாது என்பதைத் தீர்மானித்தது. யூனிட்டி, கோடாட் என்ற ஆயத்த எஞ்சின்களில் நீங்கள் எதில் கேம் செய்தாலும், வெளியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பகுதியின் உரிமத்தையும் இன்றே படித்து ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். அந்தப் பகுதியை உங்கள் நிரலில் ஒரே இடத்திலிருந்து மட்டும் அழையுங்கள். அப்படியானால் பிறகு அதைக் கழற்ற வேண்டி வந்தாலும் ஒரு கோப்பைத் திருத்தினால் போதும்.