சாப்பிட்ட பிறகு தள்ளாடும் நாய்க்குட்டி

கேள்வி: எங்கள் ஷிட்சூ குட்டிக்கு ஏழு மாதம். கூடப் பிறந்த குட்டிகளைவிட ரொம்பச் சிறியதாக இருக்கிறது. சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் தள்ளாடுகிறது, சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்கிறது. ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதி லேசாகத்தான் கூடியிருக்கிறது. வலிப்பு மாத்திரை தொடங்கலாமா டாக்டர்?

பதில்: மாத்திரையைப் பற்றி முடிவெடுக்கும் முன் ஈரலைப் பார்த்துவிடுங்கள். 'சாப்பிட்ட பிறகு' என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

குடலிலிருந்து வரும் ரத்தம் ஈரலுக்குள் போய்ச் சுத்தமான பிறகுதான் உடலுக்குள் கலக்க வேண்டும். சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே ஈரலைத் தவிர்த்துப் போகும் குறுக்குக் குழாய் ஒன்று இருக்கும். இதை ஷன்ட் என்போம். உணவுப் புரதத்திலிருந்து உண்டாகும் அம்மோனியா அப்படியே மூளைக்குப் போய்விடும். ஷிட்சூ, மால்டீஸ், யார்க்‌ஷயர் டெரியர் போன்ற சிறிய இனங்களில் பெரும்பாலும் ஈரலுக்கு வெளியிலும், லாப்ரடார் போன்ற பெரிய இனங்களில் உள்ளேயும் இது அமைந்திருக்கும்.

எஸ்.ஜி.பி.டி.யை வைத்து நிம்மதியடைய வேண்டாம். ஈரல் செல்கள் சிதைந்தால்தான் அது எகிறும். இங்கே ஈரல் சிதைவதில்லை, போதிய ரத்தம் கிடைக்காமல் சிறுத்துப்போகிறது. அதே ரிப்போர்ட்டில் யூரியா, அல்புமின், கொலஸ்ட்ரால் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். யூரியா குறைந்தால் நல்லதுதானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவதே ஈரல்தான்.

அடுத்து, ஈரல் ரத்தத்திலிருந்து பித்த அமிலத்தைச் சரியாக எடுக்கிறதா என்று காட்டும் பித்த அமிலப் பரிசோதனை கேளுங்கள். வெறும் வயிற்றில் ஒரு முறை, உணவு கொடுத்து 2 மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். வழக்கமாக 12 மணி நேரப் பட்டினி. ஆனால் இவ்வளவு சிறிய குட்டிக்குச் சர்க்கரை இறங்கிவிடும் ஆபத்து உண்டு, எவ்வளவு நேரம் என்று உங்கள் டாக்டரே சொல்லட்டும். அளவு கூடியிருந்தாலும் ஷன்ட் என்று உறுதி இல்லை. ஈரலின் நுண்குழாய்களில் குறை இருந்தாலும் கூடும். அதனால் ஸ்கேன் அவசியம். அனுபவமுள்ளவர் செய்தால் அல்ட்ராசவுண்டிலேயே தெரியலாம். தெரியாவிட்டால் சி.டி. ஆஞ்சியோகிராம் குழாயின் பாதையைத் தெளிவாகக் காட்டும். அதற்கு மயக்க மருந்து தேவை. இந்தக் குட்டிகளின் உடலிலிருந்து மருந்து மெதுவாகத்தான் வெளியேறும், ஷன்ட் சந்தேகத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அதுவரை புரதத்தை அடியோடு நிறுத்தாதீர்கள், வளரும் குட்டி. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்கள். ஈரல், ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி வேண்டாம். அம்மோனியாவைக் குறைக்க லாக்டுலோஸ் போன்ற மருந்தை டாக்டர் எழுதித் தரலாம். வலிப்பு வந்தாலோ எழுப்பியும் எழாவிட்டாலோ இந்தப் பரிசோதனைகளுக்கெல்லாம் காத்திருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.