பெரும்பாடு யாருக்கு?

கேள்வி: ஐயா, என் மனைவிக்கு 44 வயது. ஐந்தாறு மாதமாக மாதவிடாய் ஒழுங்கு தவறி, அளவுக்கு அதிகமாகப் போகிறது. சபையில் சொல்லிக் குடும்பமாக உபவாசமிருந்து ஜெபித்து வருகிறோம். அவளோ மிட்வைஃப் சொன்ன கிளினிக்குக்குப் போயே தீருவேன் என்று நிற்கிறாள். புருஷனின் சம்மதமில்லாமல் போவது வேதத்துக்கு விரோதம் என்று எடுத்துச் சொல்லி அவளைக் கீழ்ப்படியச் செய்வது எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது. ஒரு கிறிஸ்தவ மனைவி எப்படி நடக்க வேண்டும் என்று தங்கள் பதிலில் எழுதினால் அவளுக்குக் காட்டுவேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: சகோதரரே, உங்கள் கடிதத்தில் என் கண்ணைக் குத்தியது ஒரே ஒரு சொல். மனைவியைக் கீழ்ப்படியச் செய்வது உங்களுக்குப் ‘பெரும்பாடாக’ இருக்கிறது என்கிறீர்கள். மாதவிடாய் அளவுக்கு மீறியும் நாள் கடந்தும் போகிற நோய்க்குச் சித்த வைத்தியத்தில் வழங்கும் பெயர் பெரும்பாடு. நீங்கள் அன்றாடம் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பு வேதாகமமும் மாற்கு 5ஆம் அதிகாரத்தில் அந்தப் பெயரைத்தான் சொல்லி, பன்னிரண்டு வருஷமாய்ப் பெரும்பாடுள்ள ஒரு ஸ்திரீயைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஆகவே பெரும்பாடு உங்கள் மனைவிக்கு. உங்களுக்கு இருப்பது எரிச்சல். அவளுடைய நோயின் பெயரையும் நீங்களே எடுத்துக்கொண்டால் அவள் டாக்டரிடம் எதைச் சொல்லுவாள்?

இந்தச் சொல்லுக்காகப் புளியந்தீவில் வசிக்கும் ஓய்வுபெற்ற கத்தோலிக்க ஆசிரியர் ஒருவருடன் நான் பல வருடமாகச் சண்டை பிடித்து வருவது இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். அவர் கையிலிருக்கும் திருவிவிலியம் ‘இரத்தப்போக்கு’ என்கிறது. அதுவே தெளிவான சொல் என்பது அவருடைய கட்சி. தெளிவுதான், மறுக்கவில்லை, ஆனால் சைக்கிளால் விழுந்து முழங்கால் உரசினாலும் போவது இரத்தம்தானே? பெரும்பாடு என்று சொல்லும்போது விடியமுன் கிணற்றடியில் துணி அலசுகிற பாடு, அதைப் பிறர் கண்படாமல் உலர்த்துகிற பாடு, ஆராதனையில் கறுத்தச் சேலையோடு கடைசிப் பாயில் உட்கார்ந்து, எழும்பும்போது பாயைத் திரும்பிப் பார்க்கிற பாடு எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. இந்தப் பந்தியைக் கண்டதும் அவர் எனக்குத் தபாலட்டை எழுதுவார். எழுதட்டும்.

அந்த ஸ்திரீயின் கதையை நீங்கள் எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்ட பிரசங்கங்கள் எல்லாம் அவளுடைய விசுவாசத்தோடு முடிந்துவிடும். அவள் யாரிடம் அனுமதி கேட்டாள் என்று ஒரு போதகரும் சொல்லக் கேட்டதில்லை. அவள் யாரிடமும் கேட்கவில்லை. லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தின்படி அவள் தீட்டுள்ளவள். அவளைத் தொடுகிறவர்களுக்கும் தீட்டு. அப்படியிருந்தும் கூட்டத்துக்குள் நுழைந்தாள், பின்னால் வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டாள், குணமானாள். மகள் சாகக் கிடக்கிறாள் என்று அவசரமாக அழைத்துப் போய்க்கொண்டிருந்த ஜெபஆலயத் தலைவனை நடுவழியில் காக்க வைத்துவிட்டு, அவள் சொன்னதை முழுவதும் கேட்டு, “மகளே” என்று கூப்பிட்டு அனுப்பினார் இயேசு. புருஷன் எங்கே, அவன் சம்மதித்தானா என்று அவர் விசாரித்ததாக நான்கு சுவிசேஷங்களிலும் இல்லை.

அவள் வைத்தியர்களிடம் போய்க் குணமாகவில்லையே, அதனால்தானே ஜெபம் என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான், மாற்கு வைத்தியர்களைச் சும்மா விடவில்லை. அநேக வைத்தியர்களால் அவள் மிகவும் வருத்தப்பட்டாள், கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தாள், நோயோ கூடிப்போயிற்று என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார். இதே சம்பவத்தை லூக்கா எழுதும்போது, ஒருவராலும் குணமாக்க முடியவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். வைத்தியர்களால் அவள் பட்ட வருத்தமும், நோய் கூடிப்போனதும் அங்கே காணாமற்போய்விட்டன. காரணம் தேடி அலைய வேண்டாம், கொலோசெயர் 4ஆம் அதிகாரத்தில் பவுல் அவரைப் பிரியமான வைத்தியன் என்கிறார். தொழில்காரர் தொழில்காரரை விட்டுக்கொடுப்பாரா? அந்தக் காலத்தில் அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் இருந்திருந்தால் லூக்காதான் செயலாளர், மாற்குவின் சுவிசேஷத்தைக் கண்டித்து ஒருநாள் அடையாள வேலைநிறுத்தமும் நடந்திருக்கும். சிரிப்பு இருக்கட்டும், சுவிசேஷம் எழுதிய நால்வரில் ஒருவர் டாக்டர் என்பதையும், பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் எழுதிக்கொடுத்தார் என்பதையும் உங்கள் சபையில் எப்போதாவது சொல்லியிருக்கிறார்களா? சுவிசேஷம் சொல்ல யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன்தான் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனையும் 1847இல் அங்கே அனுப்பியது. மகப்பேற்று மருத்துவம் உட்பட ஆங்கில மருத்துவ நூல்களை அவர் தமிழாக்கி மானிப்பாயில் தமிழிலேயே டாக்டர்களை உருவாக்கியபோது, அது விசுவாசக் குறைவு என்று அவரை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

இனிக் கீழ்ப்படிதலுக்கு வருகிறேன். நீங்கள் நம்பியிருப்பது எபேசியர் 5:22. அதற்கு ஒரு வசனம் முன்னால், ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள் என்று 21ஆம் வசனம் இருக்கிறது. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் 22ஆம் வசனத்துக்கென்று தனி வினைச்சொல்லே கிடையாது, 21இன் வினையைத்தான் அது கடன் வாங்குகிறது. மனைவிக்குச் சொன்னது மூன்றே வசனம். 25இலிருந்து அதிகார முடிவு வரை ஏறக்குறைய எல்லாம் புருஷனுக்கு, அதிலும் மனைவியைச் சொந்தச் சரீரமாகப் பாவிக்கச் சொல்கிறது. உங்களுடைய சொந்தச் சரீரத்திலிருந்து ஐந்தாறு மாதமாக இரத்தம் போயிருந்தால் யாருடைய சம்மதத்துக்காகக் காத்திருந்திருப்பீர்கள்? அடுத்ததாக நீங்கள் எடுக்கப்போவது ‘பெலவீன பாண்டம்’ என்பது எனக்குத் தெரியும். தயவுசெய்து 1 பேதுரு 3:7ஐ முழுவதும் வாசியுங்கள். மனைவிக்குச் செய்ய வேண்டிய கனத்தைப் புருஷன் செய்யாவிட்டால் தடைப்படுவது புருஷனுடைய ஜெபம் என்று அங்கே எழுதியிருக்கிறது. உபவாசமிருந்து ஜெபிக்கிறோம் என்கிறீர்கள், அந்த ஜெபம் எங்கே மறிக்கப்பட்டிருக்கிறது என்று பேதுருவைக் கேளுங்கள். ‘குடும்பமாக’ உபவாசம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரத்தம் போய்க்கொண்டிருக்கிறவளையுமா பட்டினி போடுகிறீர்கள்?

இதையெல்லாம் உயரத்தில் நின்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. பல வருடங்களுக்கு முன்னர் ஒரு மார்கழியில், பாடகர் குழுவை நடத்திக்கொண்டிருந்த காலத்தில், என் மனைவி தனக்குச் சுகமில்லை என்று இரண்டு தரம் சொன்னாள். நத்தார் முடியட்டும் என்று இரண்டு தரமும் நான் சொன்னேன். மூன்றாம் தரம் அவள் சொல்லவில்லை. கரோல் இரவொன்றில் வாசிப்பதற்காக அவளுடைய வேதாகமத்தை எடுத்து விரித்தபோது, அடையாளத்துக்கு வைத்த நாடாவுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக் துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்த திகதி கழிந்து மூன்று கிழமை. 12க்குக் குறையக் கூடாத ஹீமோகுளோபின் அவளுக்கு 6.8இல் நின்றது. கர்ப்பப்பையில் கட்டி. மூன்று பைன்ட் இரத்தம் ஏற்றினார்கள். ஈடாக இரத்தம் கொடுக்க வந்தவர்கள் எங்கள் குழுவின் டெனர் பாடகர்கள்தான், வாழ்நாளில் சுருதி சேராத அவர்கள் அன்றைக்கு ஒரே வரிசையில் நின்றார்கள். கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “நத்தார் முடிஞ்சிதா?” என்பது. இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உங்கள் மனைவியின் வயதில் இப்படிப் போவதற்குக் காரணம் பலவாக இருக்கலாம்: மாதவிடாய் நிற்கப்போகும் காலத்தின் ஹோர்மோன் குழப்பம், கர்ப்பப்பைக் கட்டி, தைரோயிட் கோளாறு, சில வேளை புற்றுநோய். எது என்று முழங்காலில் நின்று கண்டுபிடிக்க முடியாது. இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வேண்டும், தேவைப்பட்டால் கர்ப்பப்பையின் உட்படலத்திலிருந்து துளி எடுத்துப் பார்ப்பார்கள். மிட்வைஃப் சொன்னது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் வெல் வுமன் கிளினிக்காக இருக்க வேண்டும். 1996இல் தொடங்கிய அந்தக் கிளினிக்கில் மார்பு, இரத்த அழுத்தம், சீனி எல்லாம் பார்த்து, கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனையும் காசில்லாமல் செய்வார்கள். 35 வயதையும் 45 வயதையும் எட்டும் பெண்களைத் தேடிக் கூப்பிடுவார்கள். உங்கள் மனைவியின் நிலைமைக்கு அங்கிருந்து வீ.ஓ.ஜி. டாக்டரிடம், அதாவது பெண்நோய் விசேட வைத்தியரிடம், அனுப்பிவைப்பார்கள். 44 வயதுப் பெண்ணைப் பரிசோதிக்கப் புருஷனின் கையெழுத்து தேவையில்லை.

பதிலை அவளுக்குக் காட்டுவதாக எழுதியிருந்தீர்கள், கட்டாயம் காட்டுங்கள். கிளினிக் எந்தக் கிழமை என்று மிட்வைஃபிடம் கேட்டு, அன்றைக்குக் காலையில் அவளை நன்றாகச் சாப்பிடச் சொல்லி, மோட்டார்சைக்கிளில் நீங்களே ஏற்றிக்கொண்டு போங்கள். வெளி விறாந்தையில் ஒரு நீள வாங்கு போட்டிருப்பார்கள். புருஷர்மார் வராதபடியால் அதில் இடத்துக்குப் பஞ்சமிராது.