மகனின் போர்க்கப்பலில் ஆறு நாள்: ஏறும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என் மகன் அமெரிக்கக் கடற்படையில், நாசகாரிக் கப்பல் ஒன்றில் இருக்கிறான். நீண்ட பணி முடிந்து ஊர் திரும்பும்போது, ஹவாயில் உள்ள பேர்ல் ஹார்பரில் ஏறி கலிஃபோர்னியாவின் சான் டியாகோ வரை கூடவே வரும்படி அழைக்கிறான். 'டைகர் குரூஸ்' என்கிறான். எனக்கு வயது 61, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறேன். மருமகளும் வர ஆசைப்படுகிறாள். என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

பதில்: மருமகள் கரையில்தான் காத்திருக்க வேண்டும். டைகர் குரூஸில் வழக்கமாகக் கணவன், மனைவியரைச் சேர்ப்பதில்லை. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், சில கப்பல்களில் நண்பர்களும் வரலாம். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 8 வயதாவது ஆகியிருக்க வேண்டும். ஒரே பகலில் கடலுக்குப் போய்த் திரும்பும் குடும்ப நாள் பயணம் தனியாக உண்டு, அதில் மருமகள் ஏறலாம். எதிலும் இறுதி முடிவு கப்பல் தலைவருடையது.

நீங்கள் அமெரிக்கக் குடிமகன் இல்லையென்றால் பாதுகாப்பு அனுமதி தனியே வாங்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், ஆகையால் மகனிடம் இன்றே சொல்லுங்கள். ஹவாய் போகும் விமானச் செலவும் கப்பல் சாப்பாட்டுச் செலவும் உங்களுடையவை. திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தபோது கான்ஸ்டலேஷன் என்ற விமானந்தாங்கிக் கப்பல் இப்படித்தான் உறவினர்களோடு நடுக்கடலில் இருந்தது. போர்க்கப்பலின் கால அட்டவணை எப்போது வேண்டுமானாலும் மாறும்.

இனி உடம்பு. மருத்துவப் படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். விமானந்தாங்கிக் கப்பலில் டாக்டர்கள், அறுவை அறை எல்லாம் உண்டு. நாசகாரியில் பொதுவாக ஒரு மூத்த மருத்துவ உதவியாளர்தான் இருப்பார். இன்சுலின், ஊசி, மாத்திரை அனைத்தையும் பயண நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்து, மருந்துக்கடை லேபிளோடு கொண்டுபோங்கள். இன்சுலினை எந்தக் குளிர்பெட்டியில் வைப்பது என்று மகன் முன்கூட்டியே பேசி வைக்கட்டும். இன்னொரு நுணுக்கம்: கிழக்கு நோக்கிப் போவதால் வழியில் கப்பல் கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள், குளிர்காலத்தில் மொத்தம் 2 மணி நேரம், கோடையில் 3. ஊசி நேரத்தை அதற்கேற்ப எப்படி மாற்றுவது என்று உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

தூரம் ஏறக்குறைய 2,200 கடல் மைல். 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் ஆறு நாள். நாசகாரியின் நீளம் சுமார் 155 மீட்டர், விமானந்தாங்கியின் நீளம் 333. ஆகவே உங்கள் கப்பல் நன்றாகவே ஆடும். குமட்டலுக்கு மெக்லிசின் 25 மி.கி. பெரும்பாலோருக்குப் போதும், கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், வாந்தி தொடங்கிய பிறகு போட்டுப் பெரிதாகப் பயனில்லை. தூக்கம் வரும். கண் அழுத்தம், புராஸ்டேட் தொல்லை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். உங்களுக்குப் பெரிய ஆபத்து வேறு: ஊசி போட்டுவிட்டு, குமட்டலால் சாப்பிட முடியாமல் போவது. சர்க்கரை சடசடவென்று இறங்கிவிடும். குளுக்கோஸ் மாத்திரை எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். தலை சுற்றினால் கப்பலின் நடுப்பகுதிக்கு, கீழ்த்தளத்துக்கு வந்துவிடுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. மேல்தளத்தில் இருந்தால் அடிவானத்தைப் பாருங்கள்.

கப்பலுக்குள் உண்மையான சோதனை, படிக்கட்டுகள்தான். பெயர்தான் படி, ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும். இறங்கும்போது படியைப் பார்த்தபடி, இரண்டு கைகளாலும் பிடித்து இறங்குங்கள். கையில் காபி, போன் எதுவும் கூடாது. மூட்டு வலி இருந்தால் போவதைப் பற்றி மறுபடி யோசியுங்கள், மின்தூக்கி கிடையாது. நீர்புகாக் கதவுகளின் கீழ்விளிம்பு தரையிலிருந்து உயர்ந்து நிற்கும். புதிதாக வருபவர்கள் முழங்காலுக்குக் கீழே அடிபடுவது அதில்தான். முன்பக்கம் மூடிய, ரப்பர் அடியுள்ள ஷூ போதும். குளியலறைக்குத் தனி ரப்பர் செருப்பு. குளிக்கும்போது தண்ணீரைத் திறந்து நனைந்து, நிறுத்திச் சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலச வேண்டும்.

வழி தவறினால் சுவரைப் பாருங்கள். ஒவ்வோர் அறையிலும் மஞ்சள் பட்டையில் 2-120-1-எல் என்பது போல ஓர் எண் இருக்கும். முதல் எண் தளம்: பிரதான தளம் 1, கீழே போகப் போக 2, 3, மேலே போனால் 01, 02. இரண்டாவது சட்ட எண் (கப்பல் உடலைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின் வரிசை எண்), முன்முனையிலிருந்து பின்னோக்கிக் கூடிக்கொண்டே போகும். மூன்றாவது பக்கம்: ஒற்றைப்படை வலம், இரட்டைப்படை இடம், பூஜ்யம் நடு. எல் என்றால் தங்குமிடம். உங்கள் படுக்கை அறையின் எண்ணை முதல் நாளே தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். இரவில் சிவப்பு விளக்கில் எல்லா வழியும் ஒன்று போலவே தெரியும்.

'ஆள் கடலில் விழுந்துவிட்டார்' என்று ஒலிபெருக்கியில் சொன்னால், ஒத்திகையானாலும் சரி, உடனே மகன் காட்டிய இடத்துக்குப் போய் நில்லுங்கள். கணக்கெடுப்பில் நீங்கள் இல்லையென்றால் உங்களைத்தான் தேடுவார்கள்.

ஹெலிகாப்டர் தளத்தில் தொப்பி, பேனா, சில்லறை எதுவும் தளர்வாக இருக்கக் கூடாது, எஞ்சின் உறிஞ்சிவிடும். அந்தத் தளத்தின் பூச்சு உப்புத்தாள் போல, விழுந்தால் தோல் உரியும். போர்த்தகவல் அறை, எஞ்சின் அறை போன்ற இடங்களில் படம் எடுக்கவே கூடாது. மற்ற இடங்களில் கேட்டு எடுங்கள். மது, கத்தி, நீட்டிப்பு ஒயர் வேண்டாம். சார்ஜரை மின்பிரிவில் காட்டிச் சரிபார்த்த பிறகே செருகுங்கள்.

சான் டியாகோவில் இறங்கும் அன்று மகனுக்குக் காவல் முறை வந்தால், கப்பலைத் துறையில் கட்டிய பிறகும் அவனால் இறங்க முடியாது. யார் உங்களை அழைத்துப் போவது என்பதை மருமகளோடு முன்கூட்டியே பேசி வையுங்கள்.