ஆச்சி போனதுக்கு இவ்வளவு அழுவாங்களா?

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயசு, சொந்த ஊரு வீரவநல்லூர் பக்கம், இப்ப சென்னையில ஐடி வேலை, ஒரு பொண்ணு இருக்கா. எங்க ஆச்சி, அம்மாவைப் பெத்தவ, இறந்து நாலு மாசம் ஆகப்போகுது. அப்பா அம்மா ரெண்டு பேரும் டீச்சர், வெளியூர் போஸ்டிங், அதனால பத்தாங்கிளாஸ் வரைக்கும் என்னை வளத்ததே ஆச்சிதான். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்துச்சு, சனிப்பொணம் தனியா போகாதுன்னு சொல்லி அன்னிக்கு சாயங்காலமே எடுத்துட்டாவ, நான் கிடைச்ச பஸ்ஸைப் பிடிச்சு வந்து இறங்கும்போது வீட்டைக் கழுவி விட்டு எல்லாரும் காப்பி குடிச்சிட்டு இருந்தாவ. முகத்தைக் கூட பாக்கல. ஆபீஸ்ல ஒரே நாள்தான் லீவு, தாத்தா பாட்டியெல்லாம் பாலிசியில வராதாம். வாரவங்க எல்லாம் 87 வயசு, கல்யாணச் சாவு, குடுத்து வச்சவன்னு சொல்லுதாவ. அம்மா அழவே மாட்டேங்கா, நான் அழுதா எரிஞ்சு விழுதா. ராத்திரி ஆச்சியோட வாட்ஸப் வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் கேட்டுக்கிட்டே கிடக்கேன். ப்ரெண்டு ஒருத்தி நான் ஏதோ ஸ்டேஜ்ல மாட்டிக்கிட்டேன், அஞ்சு ஸ்டேஜ் தாண்டணும்ங்கா. இதுக்கு நடுவுல மாமா வீட்டை விக்கணும்னு நிக்காவ. எனக்கு கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா அக்கா?
- பேர் வேண்டாம், சென்னை

பதில்: கோட்டியெல்லாம் ஒண்ணும் இல்ல தாயி. வளத்தவ போயிட்டா, அழுகை வருது, அவ்வளவுதான்.

நம்ம பக்கத்து சாவு வீட்டை நல்லா கவனிச்சுப் பாரு, ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை இருக்கும். மகன் கொள்ளி வைக்கணும், குளிப்பாட்டத் தண்ணி எடுத்துட்டு வர நீர்மாலைக்கு ஒரு கூட்டம் போகணும், கோடி போடுறவங்க புதுத்துணி எடுத்துட்டு வரணும், பேரப் பிள்ளைங்களுக்கு நெய்ப்பந்தம். குச்சி நுனியில துணியைச் சுத்தி நெய்யில முக்கிக் கொளுத்திக் கையில குடுப்பாவ, கை சுடுமோன்னு பயந்துகிட்டே நிக்கும் பிள்ளைங்க (சில வீட்ல அதுவும் பேரனுக்கு மட்டுந்தான், பேத்தி வேடிக்கைதான் பாக்கணும்). அந்த அஞ்சு நிமிஷத்தோட பேரன் பேத்தி கணக்கு முடிஞ்சிரும். அப்புறம் சாம்பல் அள்ளுற காடாத்து, பதினாறு, வருஷம் திரும்புற தலைத்திவசம்னு ஒரு வருஷத்துக்கு ஓடும், எதுலயும் பேத்திக்குன்னு ஒரு இடம் கிடையாது, பந்தியில சாம்பார் ஊத்துறதைத் தவிர. உனக்கு அந்த அஞ்சு நிமிஷம் கூட வாய்க்கல. கல்யாணச் சாவுன்னு சொல்றவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, நிறைஞ்சு வாழ்ந்தவளுக்குக் குடுக்குற மரியாதை அது, ஆச்சிக்கு அது தகும். ஆனா அதே வார்த்தையைச் சொல்லி இருக்குறவ வாயை அடைக்கிறது எந்த ஊரு நியாயம்?

துக்கத்தைப் பத்திப் படிச்சவங்களும் இதை யோசிச்சிருக்காங்க. கென்னத் டோக்கான்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர், ஊரு உலகம் துக்கம்னு ஒத்துக்கிடாத துக்கம் ஒண்ணு இருக்கு, சுத்தி இருக்குறவங்க அதுக்கு இடம் குடுக்காததுனாலயே அது ரொம்ப நாள் உள்ளுக்குள்ள கிடந்து அறுக்கும்னு 1989லயே எழுதினாரு. லீவு விஷயமும் அதுலதான் சேரும், தனியார் கம்பெனி துக்க லீவு குடுத்தே ஆகணும்னு நம்ம நாட்டுல சட்டம் கிடையாது, அவங்க எழுதி வச்சதுதான் பாலிசி, அதை எழுதுனவருக்கு ஆச்சி வளத்த பிள்ளைங்களைப் பத்தி என்ன தெரியும். பேசாம ரெண்டு நாள் சொந்த லீவைப் போட்டுட்டு ஊருக்குப் போ, காரணம் கேட்டா குடும்ப விஷயம்னு சொல்லு, போதும்.

முகம் பாக்காத விஷயத்துக்கு வருவோம். சென்னையில இருந்து நெல்லை அறுநூறு கிலோமீட்டருக்கு மேல, மத்தியானம் போன் வந்து சாயங்காலம் எடுத்துட்டாவன்னா எந்த ரயிலும் உன்னைக் கொண்டு சேத்திருக்காது, வந்தே பாரத்தே ராத்திரிதான் வந்து சேரும், அதனால 'நான் இன்னும் வேகமா கிளம்பியிருந்தா'ங்கிற கணக்கை இதோட விட்டுரு. ஒரு ஐஸ் பெட்டியை வச்சுப் பேத்திக்காக விடியிற வரைக்கும் பொறுத்திருக்கலாம், பொறுக்கல, அந்தக் கோவம் உனக்கு இருந்தா அது நியாயமான கோவம்தான், அதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனா பாக்காததைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிடலாம். அன்னிக்கு கூட இருந்த சித்தி, பக்கத்து வீட்டு மதினி யாருக்காவது போன் போட்டு, ஆச்சியைக் குளிப்பாட்டுனது யாரு, எந்தச் சேலை கட்டி விட்டாவ, காலையில என்ன சாப்பிட்டா, யார்கிட்ட கடைசியா பேசுனா, நெய்ப்பந்தம் எந்தப் பிள்ளைங்க பிடிச்சுதுன்னு ஒண்ணு விடாம கேளு. கேதம் கேக்க வந்தவங்ககிட்ட எல்லாம் இதைச் சொல்லிச் சொல்லித்தான் வீட்ல இருந்தவங்க ஆறுனாவ, நீ பஸ்ல இருந்ததுனால அந்தப் பேச்சு உன் காதுல விழவே இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு, துபாய்ல இருந்தவ, இப்படித்தான் அத்தைகிட்ட கேட்டிருக்கா. பாம்படம் போட்டுத் தோள் வரைக்கும் வடிஞ்ச காது அவ ஆச்சிக்கு, குளிப்பாட்டும்போது அந்தக் காதை ஒரு கையில ஏந்திப் பிடிச்சுக்கிட்டு பின்பக்கம் மஞ்சள் தேச்சு விட்டதை அத்தை சொல்லிட்டே வந்தாவளாம், இந்தப் பிள்ளை அந்தக் காதைப் பிடிச்சுக்கிட்டே தூங்குனவ, போன்லயே ஓன்னு அழுதுட்டா. அன்னிக்கு ராத்திரிதான் ஒழுங்கா தூங்குனேன்னு சொன்னா.

மறுக்குறது, கோவப்படுறது, பேரம் பேசுறது, சோர்ந்து போறது, ஏத்துக்கிடுறதுன்னு துக்கத்துக்கு அஞ்சு ஸ்டேஜ்ங்கிற கதையை உன் ப்ரெண்டு வாட்ஸப்ல படிச்சிருப்பா. எலிசபெத் கூப்ளர் ராஸ்னு ஒரு டாக்டரம்மா 1969ல சொன்னது, அதுவும் அவங்க பேசிப் பாத்தது சாகக் கிடந்த நோயாளிங்ககிட்ட, செத்தவங்களை நினைச்சு அழுறவங்ககிட்ட இல்ல. பின்னாடி வந்தவங்க அதை எல்லாத் துக்கத்துக்கும் மாட்டி விட்டுட்டாவ. அது என்ன மாடிப்படியா ஒண்ணொண்ணா ஏறி முடிக்கிறதுக்கு? ஒரு வாரம் நல்லா இருப்ப, எவளோ ஒருத்தி பஸ்ல பிச்சிப்பூ வச்சுட்டு பக்கத்துல வந்து உக்காருவா, அவ்வளவுதான், திரும்ப முதல்ல இருந்து. இப்படித்தான் இருக்கும், அது உன் கோளாறு இல்ல.

இப்ப உங்கம்மா. கொஞ்சம் கறாரா சொல்லப்போறேன், கோவிச்சுக்காத. நீ ஆச்சியை இழந்திருக்க, சரி, அவ பெத்த தாயை இழந்திருக்கா. சின்ன வயசுல இருந்து விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டா யார்கிட்ட போய் அழுவோமோ அவகிட்டதான் இப்பவும் போற, அது இயல்புதான், ஆனா அவளுக்கே இப்ப போய் அழ ஆள் இல்ல. அதுலயும் உன்னைப் பெத்தவ அவ, வளத்தவ அவங்க அம்மா, நீ 'என்னை வளத்தது ஆச்சிதான்'னு சொல்லிச் சொல்லி அழும்போது அவ காதுல அது எப்படி விழும்னு யோசிச்சியா? வெளியூர்ல ரூம் எடுத்துத் தங்கி, சனி ஞாயிறு பஸ் ஏறி வந்து பிள்ளையைப் பாத்துட்டுப் போனவ. அவ எரிஞ்சு விழுறதுல பாதி அந்தப் பழைய வலியா இருக்கும்னுதான் எனக்குத் தோணுது.

அதனால அவளை உக்கார வச்சு 'மனசு விட்டுப் பேசும்மா'ன்னு எல்லாம் சொல்லாத, நம்ம அம்மாமாருக்கு அது வராது, எந்திரிச்சு அடுக்களைக்குப் போயிருவாவ. நீயும் பின்னாடியே அடுக்களைக்குப் போ. ஆச்சி வைக்கிற மாதிரி சொதி வைக்கலாமான்னு கேளு. தேங்காயில மூணு பால் எடுக்கணும், ரெண்டாம் பால் மூணாம் பால்ல காய் வேகணும், சிறுபருப்பு தனியா குழைய வேகணும், பச்சை மிளகாயும் இஞ்சியும் அரைச்சு விடணும், தலைப்பால் ஊத்துனா கொதிக்க விடக் கூடாது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். எலுமிச்சம்பழம் எப்ப பிழிவா, அடுப்பை அணைச்ச உடனேயா இல்ல சட்டியை இறக்கி ஆறவிட்டா, பூண்டை முழுசா போடுவாளா நறுக்கியா, இதுல உனக்குத் தெரிஞ்சது ஒண்ணு, உங்கம்மாவுக்குத் தெரிஞ்சது வேற ஒண்ணா இருக்கும், ஏன்னா அவ பாத்த அம்மா வேற, நீ பாத்த ஆச்சி வேற. சண்டை வரும், வரட்டும். சொதி கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கிற சாப்பாடு, துக்கம் நடந்த வருஷத்துல வைக்கலாமான்னு அவ யோசிச்சா கட்டாயப்படுத்தாத, பருப்புத் துவையல் அரைச்சாலும் பேச்சு வரும்.

வாய்ஸ் மெசேஜ் விஷயம் அவசரம், அதனால இதை மட்டும் உனக்கு முன்னாடியே மெயில்ல அனுப்பிட்டேன், மத்தவங்களும் தெரிஞ்சுக்கிடட்டும். வாட்ஸப்ல 120 நாள் யாரும் நுழையலன்னா அந்தக் கணக்கை அழிச்சிருவாங்க. ப்ரீபெய்டு நம்பரை 90 நாள் பயன்படுத்தலன்னா கம்பெனிக்காரன் கட் பண்ணி வேற ஆளுக்குக் குடுத்துரலாம், ஒருநாள் ஆச்சி நம்பர்ல எவனோ ஒருத்தன் போட்டோ வந்து நிக்கும், அதுக்கு மனசைத் தயார் பண்ணிக்கோ. உன் போன்ல வந்து விழுந்த மெசேஜ் உன் போன்ல இருக்கும், ஆனா போன் தண்ணியில விழுந்தா போச்சு. எக்ஸ்போர்ட் சாட் போட்டு மெயிலுக்கு அனுப்பு, ஒரு பென்டிரைவ்லயும் போட்டு வை. அதுக்கப்புறம் தெனம் ராத்திரி கேக்காத, கேட்டா பகல்ல கேளு.

வீடு விக்கிறதுல உனக்கு வாய் கிடையாது தாயி. வீடு ஆச்சி பேர்ல இருந்து அவ உயில் எழுதி வைக்கலன்னா, தாத்தாவும் இல்லன்னா, 1956 இந்து வாரிசுச் சட்டப்படி அவ பெத்த பிள்ளைங்களுக்கு, ஆணோ பொண்ணோ, சமபங்கு. அதனால முடிவு உங்க மாமாவும் அம்மாவும் எடுக்க வேண்டியது. ஒண்ணே ஒண்ணு, இந்த அழுகைக்கு நடுவுல யாராவது பங்கை விட்டுக் குடுக்குற விடுதலைப் பத்திரத்தை நீட்டினா படிக்காம கையெழுத்துப் போட வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லி வை. விக்கிறதுதான் முடிவுன்னா ஒருநாள் போயி தார்சா, பட்டாசல், பொறவாசல் எல்லாத்தையும் போட்டோ எடுத்துட்டு, ஆச்சி புழங்குன சாமான் எதாவது ஒண்ணை வாய்விட்டுக் கேட்டு வாங்கிட்டு வா.

நாலு மாசம் அழுறது நோய் இல்ல. உலக சுகாதார நிறுவனத்தோட பட்டியல்லயே ஆறு மாசம் தாண்டியும் தெனம் அதே தீவிரத்தோட இருந்து, வேலை, சாப்பாடு, பிள்ளையைப் பாக்குறது எல்லாம் கெட்டுப் போனாதான் அதை நீடிச்ச துக்க நோய்னு சொல்றாங்க. ஆனா நானும் செத்துரலாம்னு தோணுச்சுன்னா மாசக்கணக்கெல்லாம் பாக்காத, அன்னிக்கே 14416க்கு போன் போடு, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு கிடையாது, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். ஊர்ல இருந்தா பாளை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு.

கேள்வி: மூணு வருஷமா படுக்கையில கிடந்த தாத்தாவை நான்தான் பாத்துக்கிட்டேன், மறதி நோய், கடைசி ஒரு வருஷம் என் பேரே தெரியாது. போன மாசம் இறந்துட்டாங்க. எனக்கு அழுகை வரல, நிம்மதியாதான் இருக்கு. 29 வயசு பேரனுக்கு இப்படி இருக்குறது பாவம் இல்லையா?
- விசைத்தறிக்காரர், சங்கரன்கோவில்

பதில்: (2019லயே தென்காசி ஜில்லாவுக்குப் போயிட்டாலும் நீங்க நமக்கு நெல்லைதான் தம்பி.) மலம் மூத்திரம் அள்ளி, புண்ணு வராம திருப்பிப் போட்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு 'யாருலே நீ'ன்னு கேட்டாலும் பதில் சொல்லிட்டு இருந்த ஆளுக்கு நிம்மதி வரலன்னாதான் ஆச்சரியம். உங்க பேரை அவரு மறந்த அன்னிக்கே நீங்க பாதி அழுது முடிச்சிட்டீங்க, அதை யாரும் கணக்குல எடுக்கல. கொஞ்ச நாளைக்கு அதே ரெண்டு மணிக்கு முழிப்பு வரும், உடம்பு பழக்கம், போகப் போக சரியாயிரும். அழுகை எப்பவாவது சம்பந்தமே இல்லாத நேரத்துல வரலாம், வராமலும் போகலாம். மிச்சம் இருக்குற டயப்பர், தண்ணி மெத்தை எல்லாத்தையும் மூலையில போட்டு வைக்காதீங்க, மக்களைத் தேடி மருத்துவம்னு 2021ல இருந்து வீடு வீடா வாராங்கள்ல, அவங்ககிட்ட கேட்டா எந்தத் தெருவுல யாரு படுக்கையில இருக்காங்கன்னு சொல்லுவாங்க.

கேள்வி: தாத்தா எப்ப வருவாங்கன்னு ஆறு வயசு மகன் கேக்குதான். தூங்குதாங்கன்னு சொல்லி வச்சிருக்கோம், சரிதானா?
- ஒரு அம்மா, மேலப்பாளையம்

பதில்: வேண்டாம்மா, அப்புறம் உங்க மகன் தூங்கப் பயப்படுவான். ஊருக்குப் போயிருக்காங்கன்னும் சொல்லாதீங்க, நீங்க நாளைக்கு ஊருக்குப் போனா அலறுவான். தாத்தா இறந்துட்டாங்க, அவங்க உடம்பு வேலை செய்யிறது நின்னு போச்சு, இனி வலிக்காது, திரும்ப வர மாட்டாங்கன்னு நேரா சொல்லுங்க, உங்க மார்க்கத்துல என்ன சொல்லிருக்கோ அதையும் சேத்துச் சொல்லுங்க. திரும்பத் திரும்பக் கேப்பான், திரும்பத் திரும்பச் சொல்லுங்க. நடுவுல சிரிச்சு விளையாடுனா திட்டாதீங்க.

கேள்வி: நான் மகள் வழிப் பேத்தி. ஆடி அமாவாசைக்கு பாபநாசம் போயி ஆச்சிக்கு எதாவது செய்யலாமா? அவ சேலை ஒண்ணு என்கிட்ட இருக்கு, ஆத்துல விடணும்ங்காவ.
- கல்லிடைக்குறிச்சி வாசகி

பதில்: தர்ப்பணம் யாரு குடுக்கணும்ங்கிறது வீட்டுக்கு வீடு மாறும், பெரியவங்ககிட்ட கேட்டுக்கோங்க. குளிச்சு சாமி கும்பிட்டு நாலு பேருக்கு சாப்பாடு வாங்கிக் குடுக்க யாரும் தடை சொல்ல மாட்டாங்க. ஆனா ஆடி அமாவாசைக்கு மேல காரையாறு பக்கம் சொரிமுத்தையனார் கோயில் கூட்டமும் சேந்துக்கிடும், பஸ்ல கால் வைக்க இடம் இருக்காது, நிதானமா போகணும்னா சாதாரண அமாவாசை போதும். சேலையை மட்டும் ஆத்துல விட்டுறாதீங்க, பாபநாசம் படித்துறையில ஏற்கெனவே ஆளாளுக்கு விட்ட துணி பாறை இடுக்குல சிக்கிக் குளிக்கிறவங்க காலைச் சுத்துது, அதை ஆள் விட்டு அள்ள வேண்டியிருக்கு. வீட்ல வச்சுக்கிட மனசு இல்லன்னா துவைச்சு மடிச்சு கட்டுறவங்க யாருக்காவது குடுத்துருங்க.