காய்ந்த போர்வெல்லும் கருங்கல் எண்ணெயும்

அன்புள்ள ஐயா,

வியட்நாமில் கருங்கல்லுக்குள்ளிருந்து கச்சா எண்ணெய் எடுக்கிறார்கள் என்று போன கட்டுரையில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். கல்லில் நார் உரிப்பது கேள்விப்பட்டிருக்கிறேன், எண்ணெயுமா? நுண்துளை உள்ள மணற்பாறையில்தான் எண்ணெய் தேங்கும் என்று படித்திருக்கிறேனே!

க., நெல்லிக்குப்பம்

அன்புள்ள க.,

நெல்லிக்குப்பத்தில் இருப்பதால் வரும் சந்தேகம் இது. பெண்ணையாற்று மணலில் குழாய் இறக்கினால் தண்ணீர். புதுச்சேரியில் எங்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான். செஞ்சிப் பக்கம் கேட்டுப் பாருங்கள். அங்கே என் மாமனார் போட்ட முதல் போர்வெல்லில் 400 அடிக்கும் வெறும் புகை. இருபதடி தள்ளிப் போட்டதில் 180 அடியில் ராடு சட்டென்று இறங்கியது. "கேப் விழுந்துடுச்சு" என்றார் வண்டிக்காரர். தண்ணீர் பீய்ச்சியடித்தது. இரண்டும் ஒரே கல்தான். இரண்டாவது போர் கல்லின் வெடிப்பில் பட்டது, முதலாவது படவில்லை.

எண்ணெய்க் கதையும் இதுவே. வியட்நாமின் பாக் ஹோ வயலில் (வெள்ளைப் புலி என்று பொருள்) 1988-இல் கருங்கல் அடித்தளத்திலிருந்து எண்ணெய் பாய்ந்தது. கருங்கல் எண்ணெயை உண்டாக்காது. புதைந்துபோன கருங்கல் மேட்டைச் சுற்றியுள்ள களிப்பாறையில் உருவான எண்ணெய், அதன் வெடிப்புகளுக்குள் புகுந்து தங்கியது. அவ்வளவு தூரம் போவானேன், கொள்ளிடத்துக்குத் தெற்கே மாதானத்திலும் ஓ.என்.ஜி.சி. இப்படி வெடித்த அடித்தளப் பாறையில் எண்ணெய் கண்டிருக்கிறது.

ஈரானின் சுண்ணாம்புப் பாறைகளில் சங்கதி வேறு. அங்கே எண்ணெயில் பெரும்பகுதி பாறையின் நுண்துளைகளில் இருக்கிறது. வெடிப்பு அதற்குப் பாதை. பாறையின் கன அளவில் வெடிப்பு பெரும்பாலும் ஒரு சதவீதம்கூடத் தேறாது. ஆனால் அதன் அகலம் இரண்டு மடங்கானால் அதே அழுத்தத்தில் எட்டு மடங்கு பாயும். மயிரிழை விரிசல் கிணற்றின் தலையெழுத்தை மாற்றுவது இதனால்தான்.

எல்லா வெடிப்பும் உதவாது. கால்சைட் என்ற சுண்ணாம்புத் தாது படிந்து அடைத்துக்கொண்டால் அது சுவர். செங்குத்து வெடிப்புகளுக்கு நடுவே செங்குத்தாகத் துளையிட்டால் ஒன்றிலும் படாமல் போகலாம். அதனால் சாய்த்துத் துளைக்கிறார்கள். மாமனாரின் முதல் போர் தப்பவிட்ட வெடிப்பும் ஒரு முழம் தள்ளி இருந்திருக்கும்.

பேராசைப்பட்டு வேகமாக இழுத்தாலும் கெட்டது. அடியிலுள்ள தண்ணீர் அதே பாதையில் ஏறி, பாறைத்துளைகளில் மிச்சமுள்ள எண்ணெயை முந்திக்கொள்ளும். ஒரே வெடிப்பில் இரண்டு கிணறு வாய் வைத்தால் ஒன்றின் அழுத்தத்தை மற்றது குடிக்கும்.

மாமனாரின் இரண்டாவது போர் இப்போது அரை மணி நேரத்தில் காற்றைக் கக்குகிறது. பக்கத்துக் கொல்லையில் புதிதாக மூன்று போர். அவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை. வரப்புச் சண்டையே தீரவில்லை.