கூடைப்பந்து அளவு அப்சிடியன் கல்லை அம்புமுனை செய்யத் தோதான துண்டுகளாக உடைப்பது எப்படி?

கேட்டவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள கிளாஸ் பியூட்ஸ் மலையிலிருந்து ஒரு பெரிய அப்சிடியன் (எரிமலைக் கண்ணாடி) கல்லைக் கொண்டுவந்திருக்கிறார். சம்மட்டியால் உடைக்கலாமா, அடுப்பில் சூடாக்கினால் சுலபமாகப் பிளக்குமா என்று கேட்கிறார்.

இரண்டுமே வேண்டாம். சில வகைச் செர்ட் (சிக்கிமுக்கி வகை) கற்களை மெல்லச் சூடாக்கிப் பதப்படுத்துவது உண்டு. அப்சிடியனுக்கு அது தேவையில்லை, ஏற்கெனவே அது கண்ணாடி. சட்டென்று சூடேறினால் கண்ட இடத்தில் விரிசல் விடும். சம்மட்டி இன்னும் மோசம். அந்த அளவுக் கல் பதினைந்து பதினேழு கிலோ எடை இருக்கும். பொறுமையாக உரித்தால் அதிலிருந்து கத்திக்கும் ஈட்டிமுனைக்கும் அகலமான பாளங்கள் கிடைக்கும், உதிரிச் சில்லுகளில் அம்புமுனைகள் செய்யலாம். சம்மட்டி அடித்தால் கிடைப்பது ஜல்லி.

காரணத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. எரிமலைக் குழம்பு படிகம் வளராமலே இறுகியதுதான் அப்சிடியன். அதனால் விரிசல் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை அடி விழும் இடமும், அடியின் திசையும், கல்லின் வெளிவடிவமும் தீர்மானிக்கின்றன. ஜன்னல் கண்ணாடியில் சிறு கல் தெறித்தால் இந்தப் பக்கம் பொட்டுப்போல ஒரு துளை, அந்தப் பக்கம் அகன்ற கூம்பாகப் பெயர்ந்து விழும் இல்லையா, அதே கூம்புதான் இங்கேயும். கல்லின் நடுவில் அடித்தால் அந்தக் கூம்பு வெளியே வர வழியின்றி உள்ளேயே நின்றுவிடும். விளிம்புக்குச் சற்று உள்ளே அடித்தால் கூம்பின் ஒரு பக்கம் மட்டும் கல்லுக்குள் ஓடி, ஒரு பாளத்தை உரித்துக்கொண்டு வெளியேறும். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது.

முதலில் கல்லைத் தட்டிப் பாருங்கள். கூழாங்கல்லால் லேசாகத் தட்டும்போது கணீரென்று ஒலித்தால் உள்ளே நலம். பொத்தென்று செத்த ஒலி வந்தால் விரிசல் இருக்கிறது. அப்புறம் தண்ணீர் தெளித்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். உறைபனியால் விழுந்த விரிசல்கள் ஈரம் காயும்போது மெல்லிய கோடாகக் கடைசிவரை ஈரமாகவே தெரியும். அந்தக் கோட்டைத் தாண்டி எந்தப் பாளமும் முழுசாக வராது, ஆகவே அந்த இடத்திலேயே கல்லைப் பிரித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

அடிக்கும் கருவி கல்தான். ஆற்றில் உருண்டு வழவழப்பான, கைக்கு அடங்கும் வடிவத்தில், இரண்டு மூன்று கிலோ எடையுள்ள கல். மிகக் கடினமானதைவிடக் கொஞ்சம் மென்மையான மணற்கல்லையோ சுண்ணாம்புக்கல்லையோ நான் விரும்புகிறேன். அது பட்ட இடத்தில் ஒரு கணம் ‘பிடித்து’ அழுத்துகிறது. இரும்பு அப்படிச் செய்யாது. பட்ட இடத்தை நசுக்கி, பிறை வடிவில் வெளிறிய காயங்களை விட்டுவிடும். வெளியே சின்னதாகத் தெரியும் அந்தப் பிறை உள்ளே கூம்பாக இறங்கியிருக்கும். நாளைக்கு மெலிதாக்கும்போது கத்தி சரியாக அந்த இடத்தில் இரண்டாகும்.

இனி, விளிம்பு. அடிக்கும் மேற்பரப்பும் பாளம் உரிய வேண்டிய பக்கமும் சந்திக்கும் கோணம் 90 டிகிரிக்குக் குறைவாக இருந்தே ஆக வேண்டும். 60 முதல் 80 வரை அருமையாக வரும். பழைய உடைப்பு ஏதாவது தட்டையாக இருந்தால் அதுவே உங்கள் மேடை, அதாவது அடி விழ வேண்டிய பரப்பு. கல் முழுக்க உருண்டையாக இருந்தால் ஒரு முனையில் சிறு மூடிபோல ஒரு துண்டை முதலில் பெயர்த்துவிட வேண்டும். அந்த முதல் அடி மேடை செய்வதற்கு மட்டும்தான், அதில் நல்ல துண்டு எதிர்பார்க்காதீர்கள். அவசரக்காரர்கள் தோற்பது இங்கேதான்.

மேடை கிடைத்ததும் அதன் விளிம்பைச் சொரசொரப்பான கல்லால் அழுத்தித் தேயுங்கள். கூர்மையாக விட்டால் அடியின் விசை விளிம்பை நொறுக்குவதிலேயே செலவாகிவிடும். விரலால் தடவினால் வெட்டாத அளவுக்கு மழுங்க வேண்டும் (தடவும்போது கையுறை இருக்கட்டும்). பிறகு பாளம் உரிய வேண்டிய பக்கத்தைப் பாருங்கள். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு முகடு ஓடினால் பாளம் அந்த முகட்டைப் பிடித்துக்கொண்டே நீளமாக ஓடும். பக்கம் லேசாகப் புடைத்திருந்தால் நல்லது. குழிவாக இருந்தால் பாளம் பாதியிலேயே மடிந்து முறியும்.

கல்லைப் பாறைமேல் வைக்காதீர்கள். அடியிலிருந்து எதிரதிர்வு வந்து பாளம் குறுக்கே முறியும். மண்ணிலோ மணலிலோ பழைய கம்பளம் விரித்துச் சாய்த்து வையுங்கள். எவ்வளவு தடிமன் வேண்டுமோ ஏறத்தாழ அவ்வளவு தூரம் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி அடியுங்கள். கத்திக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனான பாளம் போதும். வேகத்தைவிடக் கல்லின் எடை வேலை செய்யட்டும். தோளிலிருந்து கை தளர்வாக வந்து, பட்ட பிறகும் நிற்காமல் போக வேண்டும். பயந்து பாதி விசையில் அடித்தால் உரியாத விரிசல் உள்ளே தங்கும், இது பலமாக அடிப்பதைவிடக் கெடுதல். ஒரு பாளம் போனதும் இரண்டு ஓரங்களிலும் புதிய முகடுகள் பிறக்கும். அடுத்த அடி அவற்றில் ஒன்றின் பின்னால். இப்படியே சுற்றி வாருங்கள்.

1911இல் கலிபோர்னியாவின் ஓரோவில்லில் வெளியுலகுக்கு வந்த யாஹி என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த இஷி, ஓர் அப்சிடியன் கட்டியை இன்னொன்றின்மேல் எறிந்து உடைத்ததாக, அவரிடம் வில்வித்தை பழகிய மருத்துவர் சாக்ஸ்டன் போப் எழுதியிருக்கிறார். இஷிக்கு வேண்டியது மூன்று அங்குலத்தில் ஒரு சில்லு, அதற்கு அது போதும். பெரிய கத்திக்குப் பாளம் வேண்டுமானால் உரிப்பதுதான் வழி.

பாதுகாப்பை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லை உடைத்துக் கருவி செய்யும் இந்தத் துறையின் முன்னோடியான ஐடஹோவின் டான் கிராப்ட்ரீ, தான் உடைத்த அப்சிடியன் அலகுகளைக் கொண்டே தன் அறுவை சிகிச்சையைச் செய்யச் சொன்னார். அவ்வளவு கூர்மை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை, மூடிய காலணி, தொடைமேல் தோல் விரிப்பு, முகமூடி எல்லாமே கட்டாயம். திறந்தவெளியில் உட்காருங்கள். பெரிய பாளம் விழும்போது தாவிப் பிடிக்கப் போகாதீர்கள், விழட்டும்.

அடுத்த முறை கிளாஸ் பியூட்ஸுக்குப் போவதானால், அங்கே பொதுநிலத்தில் சொந்த உபயோகத்துக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு வரைதான் எடுக்கலாம். சில பகுதிகள் தனியார் சுரங்க உரிமையில் உள்ளன, வரைபடம் பார்த்துப் போங்கள். பழங்காலத்தவர் உடைத்துப் போட்ட சில்லுகளையும் கருவிகளையும் தொடக் கூடாது.

வேலை செய்யும் இடத்தில் தார்ப்பாய் விரித்துக்கொண்டால் கழிவை அப்படியே சுருட்டி எடுக்கலாம். அதை மண்ணில் புதைப்பதானால் கூடவே இந்த ஆண்டு நாணயம் ஒன்றைப் போட்டுவிடுங்கள், பின்னால் தோண்டுகிற தொல்லியலாளர் குழம்ப வேண்டியிருக்காது.