கேள்வி–பதில்: தஞ்சையைச் சுற்றி வாகன நெரிசலில்லாத சைக்கிள் வழிகள்

கேள்வி: ஐம்பது வயதில் மறுபடியும் சைக்கிள் வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓட்ட ஆசை. ஆனால் திருச்சி சாலையிலும் கும்பகோணம் சாலையிலும் பேருந்துகள் உரசிக்கொண்டு போகின்றன. இங்கிலாந்தில் கைவிடப்பட்ட ரயில் பாதைகளைச் சைக்கிளுக்கென்றே விட்டிருக்கிறார்களாமே, நம் ஊரைச் சுற்றி அப்படி ஏதேனும் உண்டா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். பிரிஸ்டல், பாத் நகரங்களுக்கு இடையே 13 மைல் நீளமுள்ள பழைய ரயில் தடம் 1979 முதல் 1986 வரை சிறிது சிறிதாகச் சைக்கிள் பாதையாக மாற்றப்பட்டது. நம் நாட்டிலும் ஹைதராபாத் வெளிவட்டச் சாலையை ஒட்டி, சூரிய மின்தகடுகளே கூரையாக அமைந்த 23 கிலோமீட்டர் சைக்கிள் பாதை 2023-இல் திறக்கப்பட்டது. தஞ்சாவூரில் அத்தகைய பாதை எதுவும் கிடையாது. அதற்கு ஈடாக நமக்கு வாய்த்திருப்பவை ஆற்றங்கரைகள். வரைபடத்தில் தார்ச் சாலைகளை மட்டும் பார்ப்பவர்களின் கண்ணில் இவை படுவதே இல்லை.

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குச் செல்லும் 13 கிலோமீட்டர் சாலையை நினைத்துப் பாருங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளை அது கடக்கிறது. பேருந்தும் லாரியும் பாலத்தின் மேல் நேராகப் போய்விடும். சைக்கிளில் வரும் நீங்கள் பாலத்தை ஒட்டிக் கிழக்கிலோ மேற்கிலோ கரையில் இறங்கிவிட்டால், கூப்பிடு தூரம் போவதற்குள் ஹாரன் சத்தம் அடங்கிவிடும். எந்தக் கரை நன்றாக இருக்கிறது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும் செய்தி. பாலத்தடி டீக்கடையில் கேட்பதே நம்பகமான வழி.

நீண்ட தொலைவு வேண்டுமென்றால் புது ஆற்றைப் பிடியுங்கள். அரசு ஏடுகளில் கல்லணைக் கால்வாய் என்று குறிக்கப்படும் இது மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்ந்து 1934-இல் உருவானது. சோழர் காலத்து ஆறுகளுக்கு நடுவே நேற்று வந்தது என்பதால், தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் நமக்கு அது புது ஆறாகவே இருக்கிறது. பெரிய கோயிலுக்கு அருகே இர்வின் பாலத்திலிருந்து கிழக்கே போனால் ஒரத்தநாட்டுப் பக்கமும், மேற்கே போனால் கல்லணைக்கும் அது வழிகாட்டும். பழைய ஆறுகளின் கரையில் ஊர்கள் நெருக்கமாக இருக்கும். இதுவோ ஆற்றுப் பாசனம் எட்டாத மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக வெட்டப்பட்டது; ஆகவே கரையில் ஊர்களும் குறைவு, வண்டிகளும் குறைவு, டீக்கடைகளும் குறைவு. தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். கல்லணை சாலை வழியாகவே சுமார் 45 கிலோமீட்டர் என்பதால், முதல் மாதத்திலேயே போய்த் திரும்பிவிட வேண்டும் என்று முயல வேண்டாம். ஒரே கரையில் கடைசிவரை போகலாம் என்றும் எண்ணிவிடாதீர்கள். ஒரு மதகடியில் தடம் முடிந்துபோகும்; பாலம் வரும்வரை திரும்பி வந்து மறுகரைக்கு மாற வேண்டியிருக்கும்.

ஓர் எச்சரிக்கை. 2021-இல் அடிக்கல் நாட்டப்பட்ட சீரமைப்புத் திட்டத்தின்கீழ் இக்கால்வாயின் சரிவுகளுக்குக் கான்கிரீட் பூசிவருகிறார்கள். மண் கரையில் சறுக்கினால் கோரையையோ வேரையோ பிடித்து ஏறிவிடலாம். கான்கிரீட் சரிவில், அதுவும் தண்ணீர் இழுத்து ஓடும் நாளில், பிடித்துக்கொள்ள ஒன்றுமிராது. தண்ணீர்ப் பக்கத்து விளிம்பை விட்டு விலகியே ஓட்டுங்கள்.

கேள்வி: எந்த மாதங்கள் ஏற்றவை? கோடை விடுமுறையில் வரலாம் என்று நண்பர்களோடு திட்டமிட்டிருக்கிறேன்.
— வாசகர், சென்னை

பதில்: கோடையைத் தவிர்த்துவிடுங்கள். வெயிலைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். தூர்வாருதல், கரை பலப்படுத்துதல் எல்லாம் தண்ணீர் வருவதற்கு முந்தைய அந்த இடைவெளியில்தான் நடக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஜேசிபியும் டிப்பர் லாரியும் ஓடுவது இதே கரைகளில்தான். அப்போது பைபாஸ் சாலையே மேல் என்று தோன்றிவிடும்.

என் கணக்கில் ஜூலை முதல் செப்டம்பர் வரை முதல் பருவம். ஆற்றில் நீர் இருக்கும், குறுவை பசுமையாக நிற்கும். ஆனால் அம்மியையே பறக்கவைக்கும் ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும். ஆகவே காற்று எழுவதற்கு முன்பாக, விடியற்காலையிலேயே, கல்லணைப் பக்கமாக மேற்கு நோக்கி ஓட்டிவிடுங்கள். திரும்பும்போது அது முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் சேர்க்கும். இதை மாற்றிச் செய்தவர்கள் இரண்டாம் முறை வருவதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் கரையில் இறங்காதீர்கள். ஈரக் களிமண் மட்கார்டுக்குள் புகுந்து சக்கரத்தைப் பூட்டிவிடும். நான் ஒருமுறை வெண்ணாற்றங்கரையில் இரண்டு கிலோமீட்டர் சைக்கிளைத் தோளில் சுமந்து வந்தேன், எதிரே வந்த பெரியவர், “சைக்கிள் உங்களை ஓட்டுதா தம்பி?” என்று கேட்டுவிட்டுப் போனார். மழை ஓய்ந்து மண் இறுகிய மார்கழிக் கடைசியும் தை மாதமும் இரண்டாம் பருவம். தை பிறந்தால் சம்பா அறுவடை. சாலையில் பாதிவரை நெல் காயும். சைக்கிள்தானே என்று அதன்மீது ஏற்றிவிடாதீர்கள். இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகளும் நானும் சேர்ந்து செல்ல ஏற்ற, ஆள் நடமாட்டம் முற்றிலும் அற்றுப்போகாத வழி ஒன்றைச் சொல்ல முடியுமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: ஏழூர் வழியைச் சொல்வேன். திருவையாற்று ஐயாறப்பர் சப்தஸ்தான விழாவில் பல்லக்கில் சென்றுவரும் ஊர்கள் இவை: திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம். திருப்பழனம் வரை கும்பகோணம் சாலையில் பேருந்துகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிறகு தென்கரைக்கு வந்து சோற்றுத்துறை, வேதிகுடி பக்கம் திரும்பியதும் வயலும் வாழைத்தோட்டமும்தான். ஊருக்கு ஊர் தொலைவு குறைவு. எங்கே களைத்தாலும் ஒரு கோயில் மண்டபம் கிடைக்கும். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையில் தொடங்குங்கள். ஆனால் நன்றாக விடிந்த பிறகு தொடங்குங்கள், கருக்கலில் தெருநாய்கள் கூட்டமாகத் துரத்தும். துரத்தினால் வேகமெடுக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

கேள்வி: இந்தக் கரைகளுக்குக் கியர் சைக்கிள் தேவையா?
— வாசகர், பாபநாசம்

பதில்: தேவையில்லை. பாலத்தின் ஏற்றத்தைத் தவிர டெல்டாவில் மேடு ஏது? டயரில்தான் கவனம் வேண்டும். பந்தய சைக்கிளின் மெல்லிய டயர் கரை மண்ணில் வழுக்கும். 35 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலம் நல்லது. கரையெங்கும் சீமைக் கருவேல முள் கிடக்கும், கரைமேல் பஞ்சர் கடை இராது. மாற்று டியூப் இரண்டும் கைப்பம்பும் எடுத்துச் செல்லுங்கள். பழைய டியூபைக் கழற்றியதும் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி, உள்ளே தங்கிய முள்ளைப் பிடுங்கிய பிறகே புதியதைப் போடுங்கள். அதைச் செய்யாததால்தான் இரண்டு டியூப் என்கிறேன்.